மஞ்சள் தண்ணீரும் நீல மையும்

துவாயில் சுற்றிய ஒரு சதுரப் பொருளை நெஞ்சோடு அணைத்தபடி ராமாயி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நான் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சிக் கந்தோருக்குச் சைக்கிளில் போய்வருகிறவனுக்கு எதிர்காற்றுத்தான் முதல் மேலதிகாரி. அதனால் விடிந்தவுடன் வெளிக்கிட்டுவிடுவது என் வழக்கம்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க," என்றார்.

ராமாயி எங்கள் பக்கத்துக் காணியில் குடியிருந்தவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். இனக்கலவரத்தில் தோட்டத்து வரிசைவீடான லயம் எரிந்தபின், புருஷன் பெருமாளோடும் ஒரே மகள் சரோஜாவோடும் ஒரு லொறியில் வந்து எங்கள் பக்கம் இறங்கினார். வந்த முதல் மாரி முடிவதற்குள் சரோஜாவை மலேரியா கொண்டுபோய்விட்டது. அவளுக்குப் பதினாலு வயது.

ராமாயி துவாயை விரித்தார். உள்ளே இருந்தது நான் கீறிக் கொடுத்த சரோஜாவின் படம்.

இரட்டைப் பின்னல் இருந்தது. ரிபன் இருந்தது. பள்ளிக்கூடச் சட்டையின் கழுத்து மடிப்பும் பொத்தானும் நான் கீறியபடியே இருந்தன. நடுவில் முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் நீலமும் மஞ்சளும் கலந்து, பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் போல ஒரு பச்சைத் திட்டு. மட்டை ஈரத்தில் ஊதியிருந்தது. மஞ்சள் மணத்தது.

"எம்புள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளுங்க," என்றார் ராமாயி. "நேத்து அவளுக்கு மஞ்சத்தண்ணி வச்சுப் பொட்டு வச்சேன். மொகத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டா. என்ன கொற வச்சேன்னு தெரியலீங்க."

அவர் அழவில்லை. யாரோ வீட்டில் ஏதோ களவு போய்விட்டதைச் சொல்லுகிறவர் போலச் சொன்னார். நான் காற்றடிக்கும் பம்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்தப் பிள்ளை எங்கேயும் கோபித்துக்கொண்டு போகவில்லை, அவளுடைய முகத்தைக் கரைத்தவன் நான்தான் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

ஒரு கடிதம்

இந்தத் தொடரில் பாம்புக் கதை எழுதினேன், யானைக் கதை எழுதினேன், மேலதிகாரிகளின் கதைகளை எழுதி இரண்டு பேருடைய பகையையும் சம்பாதித்தேன். ஒருவரும் கடிதம் போடவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் போகிற போக்கில் பேனையைப் பற்றி ஒரு வரி எழுதினேன். உடனே ஒரு கடிதம்.

"நீங்கள் படவரைஞராக வேலை பார்த்தவர் அல்லவா? என் மகள் வீட்டுச் சுவர் முழுக்கக் கீறி வைக்கிறாள். அவளுக்கு என்ன பேனை, என்ன தாள் வாங்கிக் கொடுக்கலாம்?" என்று ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார்.

ஐயா, முதலில் நல்ல தாள் வாங்காதீர்கள். விலைகூடிய தாளை முன்னால் வைத்தால் பிள்ளைக்குக் கை நடுங்கும். பழைய கலண்டரின் பின்பக்கம் போதும். கடைக்காரர் சீனி சுற்றித் தருகிற தடித்த தாளில் அடுப்புக்கரியால் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள், கை நன்றாகத் திறக்கும். பென்சில் இரண்டு போதும், ஒன்று கடினமானது, மற்றது மெதுவானது. அழிறப்பரை மட்டும் எங்காவது ஒளித்து வைத்துவிடுங்கள். அழிக்கலாம் என்று தெரிந்த கை, பார்க்காமலே கீறும்.

பேனை என்றால் மலிவான போல்பொயின்ற் பேனையை நான் ஒருநாளும் இளக்காரமாகச் சொல்லமாட்டேன். மெல்லப் பிடித்தால் சாம்பல் நிறம் தரும், அழுத்தினால் கறுக்கும். தண்ணீருக்கு அசையாது. வெயிலுக்குத்தான் வெளிறும், அதிலும் நீலம் கெதியாக வெளிறும். முனையில் மை திரண்டு நின்று அப்பிவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு பழந்துணி வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் வெளிநாட்டுச் சாமான் எல்லாம் கடைகளுக்கு வரத் தொடங்கிய காலம். கிளிநொச்சிச் சந்தைப் பக்கத்துக் கடைகளில் கலர் கலராக ஃபெல்ற் பேனைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் பார்த்தபடியே நிற்கும். அவை கலியாண வீட்டு வாழைமரம் மாதிரி, நாலு நாளைக்குத்தான் அழகு. மூடியைத் தொலைத்தால் அதுவும் இல்லை.

மை நிரப்பி எழுதும் பேனை இருக்கிறதே, அதுதான் ஆளை மயக்கும். நீல மையால் ஒரு கோடு கீறி, காய்வதற்கு முன் ஈரத் தூரிகையால் மெல்லத் தடவினால் கோடு இளகி நிழலாகிவிடும். கன்னத்தின் வளைவு, கண்ணுக்குக் கீழுள்ள பள்ளம் எல்லாம் அந்த ஒரு தடவலில் வந்துவிடும். ஆனால் அந்த மை காய்ந்தபிறகும் தண்ணீரைக் கண்டால் திரும்ப இளகும்.

இளகாதது இந்தியன் இங்க். கட்டைக்கறுப்பு. காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீர் ஊற்றினாலும் சரி, தேய்த்தாலும் சரி, அசையாது. தோய்த்து எழுதும் நிப்பில்தான் அதைப் பாவிக்கவேண்டும், எழுதி முடிந்தவுடன் நிப்பைக் கழுவவேண்டும்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்த பிழை என்றால் இந்த அத்தியாயத்தை எழுதவேண்டியே வந்திராது.

கந்தோர் மை

நான் வேலை பார்த்தது குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் படம் கீறுகிற ஓர் அரசாங்கக் கந்தோரில். பெரிய சரிவு மேசை, உயரமான கதிரை, ஒரு போத்தல் இந்தியன் இங்க், பத்துப் பதினைந்து வகை நிப்புகள். நாள் முழுக்க மற்றவர்களுடைய அணைக்கட்டுகளைக் கீறுவேன். மாலையில் வீட்டுக்கு வந்து எனக்காக மனிதர்களின் முகங்களைக் கீறுவேன்.

ஆனால் கந்தோர் மையில் ஒரு சொட்டும் என் வீட்டுக்கு வந்ததில்லை. கந்தோர்ப் பென்சிலின் அடிக்கட்டை கூட வந்ததில்லை. அதில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது.

"அண்ணைக்குத் தடிமன் வந்தாலும் கந்தோர் நேரத்தில தும்மமாட்டார். அரசாங்கத்தின்ர நேரம் வீணாப்போயிடும்," என்று பக்கத்து மேசை நடராசா சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன்.

சொந்தமாக ஒரு போத்தல் வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாங்கியிருக்கலாம்தான். கிளிநொச்சியில் கிடைக்காது, யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். அதுமட்டும் காரணமில்லை. நீல மையில் முகம் கீறிப் பழகியிருந்தேன். அந்த நிழலைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்த வாய்பிளப்புக்கு நான் அடிமையாகிவிட்டிருந்தேன்.

செப்பு வாய்

சரோஜா போய் நாலைந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமாயியும் பெருமாளும் வந்தார்கள். கதிரையைக் காட்டினேன், உட்காரமாட்டோம் என்றார்கள். எங்கள் ஊரார் சிலர் மலைநாட்டிலிருந்து வந்த இவர்களுக்கு இளக்காரமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். கதிரையில் உட்காரத் தயங்கியதற்குக் காரணம் அதுதான். என் மனைவி தேவி குசினிக்குள்ளிருந்து வந்து ராமாயியின் கையைப் பிடித்து இருத்திய பிறகுதான் இருந்தார்கள்.

"ஐயா மொகம் வரைவீங்கன்னு சொன்னாங்க," என்றார் ராமாயி. "எங்ககிட்ட போட்டா ஒன்னும் இல்லீங்க. இஸ்கூல்ல புடிச்சது ஒன்னு இருந்துச்சு. லயத்தோட போயிருச்சு. நான் சொல்லச் சொல்லப் போடுவீங்களா?"

ஆளையும் பார்க்காமல் படத்தையும் பார்க்காமல் நான் அதுவரை கீறியதில்லை. சரோஜாவை இரண்டொரு தரம் வேலிக்கு அப்பால் பின்னலோடு கண்டிருக்கிறேன், முகம் நினைவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் "பாப்பம்" என்றேன்.

பின்னலையும் ரிபனையும் சட்டையையும் கறுப்புப் போல்பொயின்ற் பேனையால் முதலில் கீறினேன். அவை சுலபம். பிறகு நீல மையில் முகம்.

"காது எப்பிடி?"

"இவரு காதுதாங்க."

பெருமாளை ஒரு பக்கம் திரும்பச் சொல்லி அவருடைய காதைக் கீறினேன்.

"கண்?"

"என் கண்ணுன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

ராமாயியின் கண்ணைப் பார்த்துக் கீறினேன். மூன்று பிள்ளைகளைப் பெற்று இரண்டைச் சின்ன வயதிலும் ஒன்றைப் பதினாலிலும் பறிகொடுத்த கண் அது. பதினாலு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிப் பொருத்துவது? இமையைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"வாய்?"

ராமாயி கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொன்னார். "சின்ன வாய்ங்க. செப்பு வாய்."

பெருமாள் எழுந்து, பீடி பற்றவைக்கிறேன் என்று முற்றத்துக்குப் போனார். துக்கம் தாங்காமல் போகிறார் என்று நினைத்தேன்.

செப்பு வாய் கீறுவது எவ்வளவு லேசு! கலண்டரில் வருகிற சரஸ்வதியிலிருந்து லட்சுமி வரை எல்லாருக்கும் அந்த வாய்தானே. கீறினேன். நெற்றி வெறுமையாக இருப்பதுபோலப் பட்டது, என் பாட்டுக்கு ஒரு சுருள்மயிரை விழவிட்டேன். பிறகு தூரிகையை நனைத்துக் கன்னத்தில் தடவினேன். நீலம் இளகி, கன்னம் உருண்டு வந்தது.

"சரோஜா," என்று ராமாயி கூப்பிட்டார். படத்தைப் பார்த்து உண்மையாகவே கூப்பிட்டார். குசினி வாசலில் நின்ற தேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பெருமாள் எட்டிப் பார்த்து, "நல்லாருக்குங்க," என்றார்.

அவர்கள் போகும்போது தேவி என்னிடம் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்கோவன். வெறும் மட்டையா இருக்கு."

"கண்ணாடி போட்டா மினுங்கும். அந்த நிழல் தெரியாது," என்றேன்.

ராமாயியிடம், "வெயில் படாமல் வையுங்கோ. அடுப்புப் புகை படாமல் வையுங்கோ," என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது படத்தைக் கழுவுவார்களா?

கன்னி

கழுவுவார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

கலியாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை ராமாயியின் ஆட்கள் கன்னி என்பார்கள். அவள் இறந்தவள் இல்லை, வீட்டுச்சாமி. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் அவளுக்குப் புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், சீப்பு எல்லாம் வைப்பார்கள். மஞ்சள் தண்ணீரால் முகம் துடைத்துக் குங்குமம் வைப்பார்கள். தோட்டத்தில் இருந்தபோது அதற்கென்று ஒரு கல் இருந்ததாம். இங்கே கல் இல்லை. ராமாயியிடம் இருந்தது என் படம்.

அது சரோஜாவுக்கு வந்த முதல் ஆடி. ராமாயி வேளையோடு குளித்து, அம்மியில் மஞ்சள் அரைத்து, துணியை நனைத்து மகளின் முகத்தைத் துடைத்திருக்கிறார். ஒரு தரம் துடைத்ததும் நீலம் கசிந்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்திருக்கிறார்.

இதையெல்லாம் அன்று காலை முற்றத்தில் நின்றபடியே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பம்பைக் கீழே வைத்தேன்.

"அம்மா, அது கோவம் இல்லை," என்றேன். "பிள்ளை கோவிச்சுக்கொண்டு போகேல்லை. அது மை. தண்ணி பட்டால் கரையிற மை. கரையாத மையும் இருக்கு. நான்தான் பிழை விட்டனான்."

ராமாயி என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு பாரம் இறங்கியதும் தெரிந்தது, வேறொரு பாரம் ஏறியதும் தெரிந்தது.

"தெரிஞ்சிருந்தா ஏன் ஐயா சொல்லல?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் விளங்காமல்தான் கேட்டார். அன்று கந்தோருக்குப் பிந்திப் போனேன். என் வேலைக் காலத்தில் நான் பிந்திய நாட்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

திரும்பக் கீறித் தருவதாகச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ராமாயி தனியாக வந்தார். முதல் தரம் கேட்ட கேள்விகளையே திரும்பக் கேட்டேன். காது எப்படி? கண் எப்படி? நெற்றி எப்படி?

"நெத்தியில ஒரு சுருள் முடி விழுந்திருக்குமே ஐயா," என்றார். "அது எப்பவுமே அடங்காது."

பென்சிலை வைத்துவிட்டேன். அந்தச் சுருளை நான் சும்மா அழகுக்காகக் கீறினேன். அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, மகளின் முகம் இருந்த இடத்தில் என் கீறல் போய் உட்கார்ந்துவிட்டது. படம் கரைந்ததோடு ராமாயிக்கு இரண்டு முகமும் போய்விட்டன. வாழ்க்கையில் நான் என் கையையே வெறுத்த நேரம் ஒன்று உண்டென்றால் அது அந்த மத்தியானம்தான்.

பெருமாள் சொன்னது

இரண்டு நாள் கழித்துப் பெருமாள் கந்தோருக்கே வந்துவிட்டார். தர்மபுரத்திலிருந்து கிளிநொச்சி வரைக்கும் நடந்து வந்திருந்தார். உள்ளே வாருங்கோ என்றேன், வரவில்லை. வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்று பேசினோம்.

"ஐயா, அந்தப் படத்துல இருந்தது எம்மக இல்லீங்க," என்றார்.

"அண்டைக்கு நல்லாருக்கு எண்டு சொன்னீங்களே."

"அவ சிரிச்சாளே ஐயா. எத்தன மாசத்துக்கு அப்பறம் சிரிச்சா. நான் எப்புடி இல்லைன்னு சொல்ல?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "எம்மகளுக்குச் செப்பு வாய் கெடையாதுங்க. மேல் பல்லு ரெண்டும் முன்னுக்கு நிக்கும். ஒதடு முழுசா மூடாது. அதோட அவ அவ்வளவு சிரிப்பா. சிரிக்கிறப்ப வலது கையத் தூக்கி வாயப் பொத்திக்குவா. கண்ணு மட்டும் தெரியும். அதுதான் ஐயா சரோஜா."

"ராமாயியம்மா ஏன் சொல்லேல்லை?"

"எந்தத் தாய் ஐயா சொல்லுவா?" என்றார்.

உண்மைதான். பெண்பிள்ளையின் பல்லைப் பற்றி அந்நியன் ஒருவனிடம் எந்தத் தாய் சொல்லுவாள்? பிள்ளை இருந்தபோது மறைத்துப் பழகியதை, போன பிறகும் மறைத்துவிட்டார்.

"இந்தத் தடவ அவளப் போடுங்க ஐயா," என்றார் பெருமாள். "அவ மாதிரியே போடுங்க. ராமாயிக்கு மறந்துக்கிட்டு வருது. எனக்கும் மறந்துருச்சுன்னா, அப்பறம் அவ எங்கயும் இருக்கமாட்டா."

அவர் திரும்பி நடந்தார். பஸ்ஸுக்குக் காசு கொடுக்க ஓடினேன், வாங்கவில்லை. மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். எந்த அணைக்கட்டைக் கீறிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே மறந்துபோயிற்று.

ஆனையிறவு தாண்டி

அந்தச் சனிக்கிழமை யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், உப்பளத்துப் பாத்திகளில் வெள்ளை. வழக்கமாக அந்த இடத்தில் கொப்பியை எடுத்து ஏதாவது கீறுவேன். அன்று கை வரவில்லை. யாருக்குக் கீறுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தாய்க்குச் செப்பு வாய் வேண்டும். அந்த வாயைப் பார்த்துத்தான் அவர் சிரித்தார். தகப்பனுக்கு உண்மையான வாய் வேண்டும். ஒருத்தியின் ஒரே படத்தில் இரண்டு வாயை எப்படி வைப்பது? இந்தியன் இங்கில் கீறப் போகிறேன், ஒரு கோடு பிழைத்தாலும் திருத்தமுடியாது.

பெரிய கடைவீதியில் ஒரு புத்தகக் கடையில் ஒரு போத்தல் இங்க் வாங்கினேன். நல்ல தடித்த தாள் ஒன்றும், மெல்லிய நிப்பு மூன்றும் வாங்கினேன். நிப்புக்குப் பூசியிருக்கிற எண்ணெய் போக அதை நாக்கில் ஒரு தரம் தடவவேண்டும், இல்லாவிட்டால் மை பிடிக்காது. கடைக்காரரின் முன்னாலேயே நாக்கை நீட்டித் தடவிப் பார்த்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அந்த யோசனை வந்தது. சிரிக்கிற கண். வாயைப் பொத்திய கை. பல்லும் தெரியாது, செப்பு வாயும் தெரியாது. தாயும் குறை சொல்லமுடியாது, தகப்பனுக்கும் மகள் கிடைத்துவிடுவாள்.

என்ன கெட்டிக்காரன் நான் என்று எனக்கே பெருமையாகிவிட்டது. கொடிகாமம் தாண்டுவதற்குள் மனதில் படம் முடிந்துவிட்டது.

பொத்திய கை

வீட்டில் தேவியை முன்னால் இருத்தி, வாயைப் பொத்தச் சொன்னேன்.

"இப்பிடியோ?"

"இன்னும் கொஞ்சம் மேல. விரல் மூக்குக்குக் கிட்ட வரட்டும்."

பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுத் தேவி கேட்டாள்: "அந்தப் பிள்ளையின்ர தாயிட்ட இதைச் சொல்லிப்போட்டுத்தான் கீறுறீங்களோ?"

"பாத்தாச் சந்தோசப்படுவா."

"அவாட்ட ஒருக்காக் கேளுங்கோ," என்றாள்.

கேட்கவில்லை. கெட்டிக்காரன் ஏன் கேட்கவேண்டும்?

மூன்று மாலை எடுத்தது. இங்கில் நிழல் தடவமுடியாது, மெல்லிய கோடுகளை அடுக்கி அடுக்கித்தான் நிழல் கொண்டுவரவேண்டும். கன்னத்துக்கு மட்டும் எத்தனை கோடு என்று தெரியாது. கண்ணை ராமாயியிடமிருந்து எடுத்து, பெருமாள் சொன்ன சிரிப்பை அதில் வைத்தேன். சுருள்மயிரை விட்டுவிட்டேன். கடைசியாகக் கை. பதினாலு வயதுப் பிள்ளையின் கை, சின்ன நகங்கள், மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையல். அதுவரை நான் கீறியவற்றில் அதைவிட நல்ல படம் கிடையாது, அதற்குப் பிறகும் இல்லை. கீறி முடித்து, காய்ந்தபின், பரிசோதிப்பதற்காகத் தாளின் மூலையில் ஒரு கோடு போட்டுக் காயவைத்து ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை இரண்டு பேரும் வந்தார்கள். இந்த முறை தாங்களாகவே கதிரையில் இருந்தார்கள். படத்தை ராமாயியின் கையில் கொடுத்தேன்.

பெருமாளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. அவர் சத்தம் போட்டு அழுதார். அவ்வளவு காலமும் ஒரு சத்தமும் காட்டாத மனுஷன், கதிரையை விட்டு இறங்கி என் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து தலையில் கையை வைத்துக்கொண்டு அழுதார். "இதுதாங்க, இதுதாங்க," என்றார்.

ராமாயி அழவில்லை. படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

"கைய யாரு வைக்கச் சொன்னா?" என்று கடைசியில் கேட்டார்.

"நாந்தான் சொன்னேன் ராமாயி," என்றார் பெருமாள். "அவ சிரிக்கிறப்ப அப்புடித்தானே."

"நீங்க சொல்லல," என்றார் ராமாயி. குரல் மிகவும் தணிந்திருந்தது. "நாந்தான் சொன்னேன். ஒங்களுக்குத் தெரியாது. சின்னதுலருந்தே சொன்னேன். பல்லு தெரியுதுடி, வாயப் பொத்துடி, நாளைக்கு ஒரு எடத்துல பொண்ணு கேட்டு வரணும்னு. கேக்கமாட்டா. சிரிச்சுக்கிட்டே ஓடுவா. அடிச்சேங்க ஐயா. கையத் தூக்குற வரைக்கும் வாயிலேயே அடிச்சுத்தான் பழக்குனேன்."

தேவி வந்து அவரருகில் நிலத்தில் இருந்தாள்.

"காய்ச்சல்ல கெடந்தப்பவும் பொத்திக்கிட்டா," என்றார் ராமாயி. "கடசி நாளு. நான் ஏதோ சொன்னேன், சிரிச்சா. கை தூக்க முடியல. தூக்கிப் பொத்திக்கிட்டா."

பிறகு அவர் எங்களை மறந்துபோனார். படத்தின் மேல் குனிந்தார். பெருவிரலால் அந்தச் சின்னக் கையைத் தொட்டார்.

"கைய எடும்மா," என்றார். "இனிமே ஒன்னையப் பொண்ணு பார்க்க யாரு வரப்போறா? கைய எடுத்துட்டுச் சிரி."

விரலை நாக்கில் நனைத்து அந்தக் கையைத் தேய்த்தார். முந்தானையை நனைத்துத் தேய்த்தார். பெருமாள் அவருடைய தோளைப் பிடித்தார், அவர் விடவில்லை. ஆறிப்போன தேத்தண்ணிக்குள் விரலை விட்டுத் தேய்த்தார்.

மை அசையவில்லை.